28 வயதில் இரத்தப் புற்றுநோய், கையில் பால்குடிப் பிள்ளை: வீட்டை விற்றுச் சென்னைக்குப் போகலாமா?

வீட்டை விற்காதீர்கள், சகோதரி. இந்த மாதமாவது விற்காதீர்கள். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்று யாங்கோனில் உறுதியாகச் சொல்லிவிட்டதாகவும், ஆரம்ப நிலைதான் என்றாலும் வீட்டை விற்றுச் சென்னைக்குப் போகும்படி உறவினர் அனைவரும் வற்புறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் இங்கே மியான்மரின் பெகுவில் எனக்கும் இதே நோய், இதே அறிவுரை. அப்போது எனக்கு 31 வயது. சின்னவனுக்கு ஒன்பது மாதம்.

இடப்பக்க விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டினாற்போல் ஒரு கனம் இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்தால் வலித்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அது வீங்கிய மண்ணீரல். 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் 1,84,000 இருந்தன. யாங்கோனில் கொடுத்த இரத்தத்தின் மரபணுப் பரிசோதனையிலேயே நோய் உறுதியாகிவிட்டது. எங்கள் மனம்தான் அடங்கவில்லை. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை விற்று, கணவரும் நானும் மருத்துவ விசாவில் சென்னைக்குப் போய், ஒரு தனியார் மருத்துவமனையில் அதே பரிசோதனைகளை மறுபடி செய்து, ஐந்து வாரம் லாட்ஜில் தங்கித் திரும்பினோம். யாங்கோன் மருத்துவர் எழுதியிருந்த அதே இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரையைத்தான் அங்கும் எழுதித் தந்தார்கள். அதை வாங்கத்தான் பணம் மிஞ்சவில்லை.

இந்த நோயின் செலவு ஒரே மூச்சில் முடிகிற செலவு அன்று. ஒன்பதாவது, இருபத்திரண்டாவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் உண்டாகும் ஒரு புரதத்தை இந்த மாத்திரை அடக்கிவைக்கிறது. தினமும் விழுங்கினால்தான் அது அடங்கியிருக்கும். ஆரம்ப நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இப்படியே பல ஆண்டுகள் நன்றாக வாழ்கிறார்கள். நானோ பணத்தை மிச்சப்படுத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கினேன், அதுவும் கணவருக்குத் தெரியாமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பரிசோதனையில் நோயின் அளவு ஏறியிருந்ததைப் பார்த்த சயாமா (இங்கே பெண் மருத்துவரை அப்படித்தான் அழைப்போம்) திட்டவில்லை. மிச்ச மாத்திரைகளை மேசைமேல் கொட்டி எண்ணச் சொன்னார்.

மாத்திரை இந்தியத் தயாரிப்பாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. 2013-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கிளிவெக் (நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாட்டினிப்பை விற்கும் பெயர்) மருந்துக்கான காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தபோது, கிளிவெக் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய், அதே மருந்தின் இந்தியத் தயாரிப்பு 8,000 முதல் 10,000 ரூபாய் என்றே பேசப்பட்டது. நமக்குள்ள சிக்கல் டாலர். 2019-இல் நம் மியான்மர் நாணயத்தில் சுமார் 1,500 கியாட்டாக இருந்த டாலர் 2024-இல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. இறக்குமதி மருந்து அதன் பின்னாலேயே ஏறும். ஆகவே, வீட்டை என்றைக்காவது விற்க நேர்ந்தாலும் பணத்தைக் கியாட்டாக அடுக்கி வைக்காமல் தங்கமாக மாற்றி, தேவைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பதே நல்லது என்பது என் எண்ணம். மாத்திரை பலிக்காமல் போனாலோ நோய் முற்றினாலோ எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை வரை போக நேரலாம். சென்னைக்கான பணம் அப்போது தேவைப்படும்.

நம்மவர்கள் கொடுக்கத் தயங்குவதில்லை. முதல் மாதம் கொட்டுவார்கள், ஏழாம் மாதம் மறந்துவிடுவார்கள். அதனால் நான் மொத்தமாக வாங்குவதை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு மாதம் கேட்டேன். தை மாதத்து முப்பது மாத்திரை அண்ணனுடையது, மாசி சித்தப்பாவுடையது. கேட்க நாக்கு கூசியது உண்மை. ஆனால் சித்தப்பா இன்றும் மாசி பிறக்கும் முன்பே பெட்டியோடு வந்துவிடுகிறார்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள்; வெறும் வயிற்றில் குமட்டும். கண்ணைச் சுற்றி வீங்கும்; நான் அழுததாக எண்ணி அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்ல வந்தார்கள்! மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது, தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாது. வேப்பிலையை அரைத்துத் தடவிய அன்றிரவு சின்னவன் வாய் வைத்து, முகத்தைச் சுளித்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதல் டின் பால். அந்த டின்களை நாங்கள் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. நீங்கள் மாதக் கணக்கு எழுதும்போது மாத்திரைக்கு அடுத்த வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.