கேமிங் லேப்டாப்புக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு: கேள்வி பதில்

சார், பார்த்து வைத்திருக்கும் இரண்டு லேப்டாப்பிலும் ஆர்டிஎக்ஸ் 4060 தான். ஒன்று மெலிசு, விலையும் குறைவு. அதையே எடுக்கலாமா?

இரண்டிலும் வாட் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். லேப்டாப் 4060-க்கு அதைத் தயாரிக்கும் என்விடியா வைத்திருக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. டைனமிக் பூஸ்ட் (ப்ராசசர் பயன்படுத்தாத வாட்டைக் கார்டுக்குத் திருப்பும் வசதி) சேர்த்து 140 வரை கொடுக்கும் மாடல்களும் உண்டு. இதற்குள் எங்கே நிறுத்துவது என்பது லேப்டாப் தயாரிப்பவர் முடிவு. உடம்பு மெலிசாக, ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) சின்னதாக இருந்தால் 60 வாட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடுவார்கள். 3072 கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 8 ஜிபி மெமரி எல்லாம் அப்படியே இருக்கும். க்ளாக் வேகம் மட்டும் ஏறாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இதைச் சொல்லாது.

அதற்காக 140 என்ற எண்ணுக்கும் மயங்க வேண்டாம். 4060 சுமார் 100 வாட்டைத் தாண்டினால் கூடுதல் பலன் மிகச் சொற்பம். 60 வாட்டிலிருந்து 100-க்குப் போகக் கூடுதல் பணம் கொடுங்கள், 115-லிருந்து 140-க்குப் போகக் கொடுக்காதீர்கள்.

அந்த வாட்டை எங்கே பார்ப்பது? கடைக்காரருக்கே தெரியவில்லை அண்ணா.

தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான முழு விவரப் பக்கத்தில், கிராஃபிக்ஸ் என்ற வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். டிஜிபி (டோட்டல் கிராஃபிக்ஸ் பவர்) என்றோ மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் என்றோ போட்டிருப்பார்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒத்துப்பாருங்கள், ஒரே பெயரில் பல வகை விற்கிறார்கள். கடையில் டெமோ பீஸ் இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பாருங்கள்.

அதுவும் முடியாவிட்டால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 230 வாட். 100 வாட் கார்டு, அதோடு ப்ராசசர், திரை, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளம். 20 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் மொத்தமே 120 வாட்தான். அந்த மெஷினில் கார்டுக்கு 100 வாட் போக வழியே இல்லை.

லேப்டாப் 4090, டெஸ்க்டாப் 4090 இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. டெஸ்க்டாப்பில் 16384 கோர், 24 ஜிபி, 450 வாட். லேப்டாப்பில் 9728 கோர், 16 ஜிபி. டெஸ்க்டாப் 4080-இல் இருக்கும் சிப்தான் அதில் இருக்கிறது. யூடியூபில் டெஸ்க்டாப் டெஸ்டைப் பார்த்துவிட்டு லேப்டாப் வாங்காதீர்கள்.

வேலரன்ட் கேம் மட்டும்தான் ஆடுவேன் ப்ரோ.

4050 போதும். அந்த கேமில் எஃப்பிஎஸ்-ஐ (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) தீர்மானிப்பது பெரும்பாலும் ப்ராசசரும் ரேமும்தான். ஒற்றை 8 ஜிபி ரேமோடு வந்தால் அதே வகையில் இன்னொன்று போட்டு டூயல் சேனல் (இரண்டு ரேமும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்வது) ஆக்குங்கள். வாங்கும் முன் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, ரேம் போர்டோடு சால்டர் ஆகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு 4050 வாங்கிவிட்டு, பிறகு கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

முடியாது. ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், மதர்போர்டில் சால்டர் செய்யப்பட்டது.

4060-க்கு அடுத்த தலைமுறையில் 5060, 5070 இரண்டில் எது சார்?

5060. அல்லது காசு சேர்த்து 5070 டிஐ.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 5060-இல் 3328 கோர், 5070-இல் 4608. 38 சதவீதம் அதிகம். அதை எப்படி ஒதுக்குகிறீர்கள்?

கணக்கு சரி. ஆனால் அந்த 38 சதவீதம் ஆட்டத்தில் வந்து சேராது. இரண்டுக்கும் மெமரி 8 ஜிபி, பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவில் டேட்டா போகும் பாதை) 128 பிட். என்விடியாவின் வரம்பில் உச்ச வாட்டும் இரண்டுக்கும் 100 தான். அதே கரண்டை அதிக கோர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் ஓடும். வேகம் கூடும், கொடுக்கும் காசுக்கு ஏற்ற அளவு கூடாது.

கேமில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்தால் 8 ஜிபி போதுமே? நீங்கள்தான் பயமுறுத்துகிறீர்கள்.

1080பி திரையில் போதும், மறுக்கவில்லை. ஆனால் 5070 போட்ட லேப்டாப்கள் பெரும்பாலும் 2560 x 1600 திரையோடு வருகின்றன. அதில் ரே ட்ரேசிங் (நிஜம் போன்ற ஒளி, நிழல்) போட்டு, ஃப்ரேம் ஜெனரேஷனும் (நடுநடுவே கார்டே ஃப்ரேம்களை உருவாக்குவது, அதற்கே தனியாக மெமரி வேண்டும்) போட்டால் புதிய பெரிய கேம்களில் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்ச டேட்டா, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ வழியாக, மெதுவான சாதாரண ரேமுக்குப் போகும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே தெரியும், ஆனால் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் ஒரு வெட்டு விழும். கோர் எத்தனை இருந்தாலும் அந்த வெட்டு போகாது. 5070 டிஐ-யில் 12 ஜிபி, 192 பிட் பஸ், 5888 கோர். உண்மையான அடுத்த படி அதுதான். நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகும், கார்டை மாற்ற முடியாத பொருளில் மெமரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

5070 டிஐ-க்கு பட்ஜெட் இல்லாதவர் என்ன செய்வது? அதைச் சொல்லுங்கள்.

சொன்னேனே, 5060. மிச்சப்படும் காசை நல்ல கூலிங் உள்ள மாடலுக்கும், 16 ஜிபி ரேமுக்கும், 1 டிபி எஸ்எஸ்டிக்கும் போடுங்கள். 5070 பெரிய தள்ளுபடியில் 5060 விலையை ஒட்டி வந்தால் தாராளமாக எடுங்கள். 5070 கெட்ட கார்டு அல்ல, அதன் விலைதான் இடிக்கிறது.

அண்ணா, பின்னால் கார்டு அப்கிரேட் பண்ண முடியுமா?

முடியாது. மேலே சொல்லியிருக்கிறேன்.

வாங்கியாச்சு. எஃப்பிஎஸ் எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது.

சார்ஜர் செருகித்தான் ஆடுகிறீர்களா? பேட்டரியில் கார்டு முழு வாட் எடுக்காது. டைப் சி சார்ஜரும் போதாது, பெட்டியில் வந்த பெரிய அடாப்டரைச் செருகுங்கள். அடுத்து, தயாரிப்பாளரின் ஆப்பில் பெர்ஃபாமன்ஸ் மோட் போடுங்கள். மக்ஸ் ஸ்விட்ச் (திரையை நேராக கார்டோடு இணைக்கும் வசதி) இருந்தால் டிஸ்கிரீட் ஜிபியு (தனி கிராஃபிக்ஸ் சிப்) மட்டும் என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமும் ப்ராசசரில் இருக்கும் கிராஃபிக்ஸ் வழியாகத்தான் திரைக்கு வரும்.

பிறகு வாட், சூடு எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆடிப்பாருங்கள். ஜிபியு பவர் முதல் ஐந்து நிமிடம் 100 வாட் காட்டி, அப்புறம் 70-க்கு இறங்கினால் சூடுதான் காரணம். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில் இது சகஜம். பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள். அப்படியும் இறங்கினால் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் திருப்பிக் கொடுங்கள்.

பிளெண்டர், ஆட்டோகேட் வேலைக்கு எது நல்லது?

பிளெண்டருக்கு என்விடியா கார்டு, மெமரி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஆட்டோகேட் என் துறை இல்லை. அந்த மென்பொருளில் தினமும் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

ஆஃபரில் 4060 லேப்டாப் வந்திருக்கிறது, இன்று இரவோடு முடிகிறது. எடுக்கலாமா சார்?

எத்தனை வாட்?

அது போடவில்லை சார்.

மாடல் எண்ணை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பணம் கட்டாதீர்கள்.