லாட்விய மொழியிலும் ஸ்வீடிஷிலும் இருக்கும் 'ஸ்துந்தா' ஒரே சொல்லா? ஸ்வீடன் ஆட்சியில் வந்ததா?

வேர் ஒன்று, சொல் இரண்டு. எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதால்தான் இந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

லாட்விய 'ஸ்துந்தா' பெயர்ச்சொல். மணி நேரம், பள்ளியில் ஒரு பாடவேளை என்று இரண்டு பொருள். வகுப்புக் கால அட்டவணையை 'ஸ்துந்து சரக்ஸ்த்ஸ்' என்பார்கள். ஸ்வீடிஷ் 'ஸ்துந்தா' வினைச்சொல்: ஒரு காலம் நெருங்கி வருவது. 'யூலென் ஸ்துந்தர்' என்றால் கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. லாட்வியத்தில் கடைசி 'ஆ' பெண்பால் பெயரின் விகுதி. ஸ்வீடிஷில் அது வினையின் விகுதி. அந்த ஒற்றுமை தற்செயல்.

ஸ்வீடிஷில் இதற்கு ஈடான பெயர்ச்சொல் 'ஸ்துந்த்'. நம் 'கொஞ்ச நாழி இரு' போல, அளவில்லாத சிறிது நேரம். மணி நேரத்துக்கு அங்கே 'திம்மெ'. 'ஒரு ஸ்துந்த் பொறுங்கள்' என்றால் ஒரு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி ஆட்சி விஷயம். லாட்வியத் தலைநகர் ரீகா ஸ்வீடனிடம் இருந்தது 1621 முதல் 1710 வரை. அதை மட்டும் பார்த்துவிட்டு 'ஸ்வீடன் தந்த சொல்' என்று எழுதிவிடுகிறார்கள். 1201-இல் ரீகா நிறுவப்பட்டதிலிருந்தே பாதிரிமாரும் வணிகரும் பேசியது கீழ் ஜெர்மன், அதாவது வட ஜெர்மனியின் மொழி. அதன் 'ஸ்துந்தெ'தான் லாட்வியத்தில் 'ஸ்துந்தா' ஆனது. 'ஸ்கோலெ' 'ஸ்கொலா' (பள்ளி) ஆனதும் அதே வழி. ஸ்வீடன் ஆண்டபோதும் ரீகா நகரசபை ஜெர்மனில்தான் இயங்கியது.

'பழைய ஸ்வீடிஷில் ஸ்துந்த் என்பதற்கு மணி நேரம் என்ற பொருளும் உண்டே' என்று யாராவது கேட்பார்கள். உண்டு. ஃபின்னிஷ் 'துந்தி' (மணி நேரம்) அங்கிருந்து போனதுதான். அதனால் பொருளை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. லாட்வியர்கள் அன்றாடம் யாரோடு புழங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்வீடிஷ் 'ஸ்துந்த்' கடன் அல்ல, பழைய நார்டிக் சொல். எல்லாவற்றுக்கும் மூலம், ஜெர்மனுக்கும் ஸ்வீடிஷுக்கும் பொதுத் தாயான ஆதி ஜெர்மானிய மொழியின் 'ஸ்துந்தோ'.

லாட்வியம் படிக்கும் தமிழர்கள் தவறுவது 'மணி'யில். நாம் மூன்று மணிக்கு என்போம், மூன்று மணி நேரம் என்போம். அவர்களுக்கு ஸ்துந்தா கால அளவு மட்டுமே. கடிகார நேரத்துக்கு 'புல்க்ஸ்தென்'. இரண்டு மணி நேரம் 'திவஸ் ஸ்துந்தஸ்', ஒரு மணி நேரம் கழித்து 'பேத்ஸ் ஸ்துந்தஸ்'. இரண்டிலும் வடிவம் ஒன்றுதான், ஆனால் முன்னது பன்மை, பின்னது ஒருமையின் ஆறாம் வேற்றுமை. பயிற்சிச் செயலிகள் இதை விளக்காமல் வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பெரிய வருத்தம். வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு ஒரே ஒரு அட்டவணை காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

உச்சரிப்பில் இரண்டு மொழியிலும் த, ந்த போலப் பல்லில் நாக்குப் படவேண்டும்; 'ஸ்டண்டா' வேண்டாம். லாட்விய 'உ' நம் உகரம்தான். ஸ்வீடிஷ் 'உ'வுக்கு மட்டும் உதட்டைக் குவித்து, நாக்கைச் சற்று முன்னே கொண்டுவர வேண்டும்.