அழிக்கும் கருவிக்கு ஏஐ ஏஜென்ட் படிக்கும்படி குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: பழைய கோப்புகளையும் பயன்படாத பதிவுகளையும் நீக்குவதற்கென்று எங்கள் அலுவலகத்தில் ஒரு சிறிய கட்டளைக் கருவியை எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை எங்களில் இருவர் மட்டுமே அதை இயக்கிவந்தோம். இனி ஏஐ ஏஜென்ட் ஒன்றும், அதாவது கட்டளைகளைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ மென்பொருளும், அதைப் பயன்படுத்தப்போகிறது. குறிப்பில் "எச்சரிக்கை: கவனமாகப் பயன்படுத்தவும்" என்று எழுதியிருக்கிறோம். இது போதுமா?

பதில்: போதாது. எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, எந்தச் சர்வரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் உங்கள் இருவருக்கும் குறிப்பைப் படிக்காமலே தெரியும். ஏஜென்ட்டுக்கோ, அது படிக்க நேர்ந்த எழுத்துதான் எல்லாம். ஆகவே எது அழியும், எது அழியாது, அழிந்ததை எங்கிருந்து எத்தனை நாளுக்குள் மீட்கலாம் என்பவற்றை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற மென்பொருளில் உள்ள இரண்டு கட்டளைகளைப் பாருங்கள். கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் 'கிட் ரீசெட் ஹார்ட்' கொடுத்ததால் கிளையிலிருந்து விடுபட்டுப்போன கமிட்டுகளை (சேமித்த மாற்றப் பதிவுகளை), இயல்பான அமைப்பில் 30 நாள்வரை, கிளையின் நகர்வுகளைக் குறித்துவைக்கும் ரீஃப்ளாக் வழியாகத் தேடி எடுத்துவிடலாம். கமிட்டும் செய்யாமல், கமிட்டுக்காகச் சேர்த்துவைக்கும் ஸ்டேஜும் செய்யாமல் இருந்த மாற்றங்களைத்தான் கிட்டால் திருப்பித் தர முடியாது. 'கிட் கிளீன்' அப்படிப்பட்டதன்று. அது நீக்குவதே கிட் தன் கணக்கில் கொண்டுவராத கோப்புகளைத்தான். 'எக்ஸ்' என்ற தெரிவையும் (கட்டளையோடு தரும் கூடுதல் குறியையும்) சேர்த்துவிட்டால், புறக்கணிக்கும்படி குறித்துவைத்த கோப்புகளும் போய்விடும். கடவுச்சொற்களும், பிற சேவைகளை அணுகப் பயன்படும் ஏபிஐ சாவிகளும் உள்ள 'டாட் என்வ்' கோப்பு பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். இரண்டு கட்டளைகளுக்கும் "ஆபத்தானது" என்ற ஒரே சொல்லை எழுதிவைத்தால், மீட்கக்கூடிய இழப்பு எது, மீட்க முடியாத இழப்பு எது என்று படிப்பவருக்குத் தெரியாமலே போகும்.

பிழைச் செய்தியும் ஆவணத்தின் ஒரு பகுதிதான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 'கிட் கிளீன்' கட்டளையை எந்தத் தெரிவும் இல்லாமல் இயக்கினால், கட்டாயப்படுத்தும் தெரிவு தரப்படவில்லை, அதனால் சுத்தம் செய்ய மறுக்கிறேன் என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மனிதர் அந்த இடத்தில் ஒரு கணம் தயங்குவார். கொடுத்த வேலையை முடிக்க வேண்டும் என்று முனையும் ஏஜென்ட்டோ, அதையே அடுத்த படிக்கான வழிகாட்டலாக எடுத்துக்கொண்டு, அந்தத் தெரிவைச் சேர்த்து மறுபடி இயக்கக்கூடும். உங்கள் கருவி மறுக்கும்போது, "இந்த இயக்கம் 412 பதிவுகளை நிரந்தரமாக நீக்கும், இவற்றுக்குக் காப்புப் பிரதி இல்லை, பட்டியலைப் பயனரிடம் காட்டி, அவர் ஒப்புதல் தந்த பின்னரே தொடரவும்" என்பதுபோலச் சொல்லட்டும். எடுத்துக்காட்டுகளிலும் இதே கவனம் வேண்டும். குறிப்பில் முதலில் வரும் எடுத்துக்காட்டை ஏஜென்ட் அப்படியே எடுத்தாள வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த இடத்தில் எதையும் நீக்காத முன்னோட்ட இயக்கத்தை வையுங்கள்.

கேள்வி: ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறையான எம்சிபி வழியாகக் கருவியைத் தருகிறோம். அதில் 'டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்' (அழிக்கக்கூடியது என்ற குறிப்பு) என்று குறிக்க வசதி இருக்கிறதே, அதைக் குறித்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

பதில்: எம்சிபியின் 2025 மார்ச் மாத வரையறையில் வந்த அந்தக் குறியைக் கட்டாயம் இடுங்கள். அதைப் பார்த்து, இயக்குவதற்கு முன் பயனரிடம் ஒப்புதல் கேட்கும்படி செயலிகளை அமைக்க முடியும். ஆனால் அது ஆம், இல்லை என்ற அளவில் நின்றுவிடுகிறது. என்ன அழியும் என்பதைச் சொல்வதில்லை. தவிர, பெயருக்கேற்றபடி அது வெறும் குறிப்புதான். நம்பகமில்லாத சர்வர் தரும் குறிகளை நம்பி முடிவெடுக்கக்கூடாது என்று வரையறையே எச்சரிக்கிறது. பட்டியலிடுவதையும் நீக்குவதையும் ஒரே கருவிக்குள் வைக்காமல் இரண்டாகப் பிரித்துவிட்டால், குறிக்கும் தெளிவான பொருள் கிடைக்கும்.

எவ்வளவு தெளிவாக எழுதினாலும் எழுத்து பூட்டாகிவிடாது. 2025 ஜூலையில், எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தும், நிரல் எழுதும் தளமான ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட் ஒரு பயனரின் நேரடிப் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அதன்பின் அந்நிறுவனம், உருவாக்கத்துக்கான தரவுத்தளத்தையும் நேரடிப் பயன்பாட்டுத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. நீங்களும் ஏஜென்ட்டுக்குத் தனிக் கணக்கு கொடுத்து, அந்தக் கணக்குக்கு நேரடித் தரவை நீக்கும் உரிமையைத் தராமல் இருங்கள்.

கேள்வி: முன்னோட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு, நீக்குவதற்குள் தரவு மாறிவிட்டால்?

பதில்: இதற்கு, சர்வர் போன்ற கட்டமைப்பை நிரல்வழி அமைக்கும் டெர்ராஃபார்ம் என்ற கருவி நல்ல வழி காட்டுகிறது. அதில் திட்டத்தை ஒரு கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பையே செயல்படுத்தச் சொல்லலாம். இடையில் வேறொருவர் மாற்றம் செய்து அதன் ஸ்டேட் (கட்டமைப்பின் நிலையைப் பற்றி அது வைத்திருக்கும் பதிவு) மாறியிருந்தால், திட்டம் பழையதாகிவிட்டது என்று சொல்லி அது மறுத்துவிடும். உங்கள் கருவியும் முன்னோட்டத்தின்போது நீக்கவேண்டியவற்றின் பட்டியலைக் கோப்பாக எழுதட்டும். நீக்கும் கட்டளை அந்தக் கோப்பை மட்டுமே ஏற்கட்டும். பட்டியலில் உள்ள பதிவு இடையில் திருத்தப்பட்டிருந்தால் அதைத் தொடாமல் விட்டு, விட்டதையும் ஏன் விட்டது என்பதையும் முடிவறிக்கையில் சொல்லட்டும்.