கருத்தரிக்கும் முன்பே மாத்திரை எதற்கு?

கேள்வி: குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம் என்று சொன்னதும், மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்தார். "உண்டாகாமலே எதற்கு? ஸ்கேன் பார்த்த பிறகு சாப்பிட்டால் போதாதா?" என்று மாமியார் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? - ஒரு வாசகி, தேனி.

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானதுதான். சத்து மாத்திரை கர்ப்பிணிக்கு உரியது என்றே நம் வீடுகளில் பழகியிருக்கிறோம். ஆனால் ஃபோலிக் அமிலம், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாக உதவும் சத்து. அவை ஸ்கேன் வரை காத்திருப்பதில்லை.

கரு உருவான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் தட்டையான ஒரு திசுப்பரப்பு தோன்றுகிறது. விரித்துவைத்த வெற்றிலையின் இரு ஓரங்களும் எழும்பி நடுவில் ஒட்டிக்கொண்டால் எப்படியிருக்குமோ, அப்படி அது சுருண்டு குழலாகிறது. இந்தக் குழல்தான் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்கிறது. கழுத்துப் பகுதியில் 22ஆம் நாளையொட்டித் தொடங்கும் இந்த ஒட்டுதல் மேலும் கீழும் நகர்ந்து, ஏறத்தாழ 28ஆம் நாளில் முடிந்துவிடுகிறது. அப்போது கரு ஒரு வெந்தயத்தின் அளவுதான் இருக்கும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாமல் குழந்தை பிழைப்பதே அரிது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவு ஏற்பட்டு, கால்களின் இயக்கமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாதிக்கப்படலாம்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். நாள் தள்ளிப்போகும்போதே கருவுக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். இன்னும் சில நாள் பார்ப்போம் என்று பொறுத்திருந்து ஸ்கேனுக்குப் போனால், மருத்துவர் 'ஆறு வாரம்' என்பார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், கருவின் உண்மையான வயது அப்போது நான்கு வாரம். குழல் மூடவேண்டிய காலம் அத்துடன் கடந்துவிட்டது. அன்று தொடங்கும் மாத்திரை தாயின் இரத்தசோகையைத் தடுக்க உதவுமே தவிர, மூடாமல்போன குழலை மூடாது.

இக்குறையுள்ள குழந்தையை முன்பு பெற்றிருந்த பெண்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது, அது மீண்டும் நேரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்ததை 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் (0.4 மில்லிகிராம்) போதும். வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையும் விற்கப்படுவதால், சீட்டில் எழுதிய அளவைப் பார்த்து வாங்குங்கள். கீரையும் பயறும் அவசியம் சாப்பிடுங்கள். ஆனால் வேகவைக்கையில் இந்தச் சத்தில் கணிசமான பகுதி போய்விடுவதால், அவை மாத்திரைக்கு ஈடாகமாட்டா.

கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன்பே கருத்தரித்துவிட்டால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. தெரிந்த அன்றே மாத்திரையைத் தொடங்கி, 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாமல் இருங்கள்.