டெல்லி டீசலும் மதுரை வெயிலும்: ஜெர்மன் கார் கேள்வி–பதில்

பழைய ஜெர்மன் கார்களை வாங்குவது, வைத்திருப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: டெல்லிப் பதிவு கொண்ட 2014 பி.எம்.டபிள்யூ. 320டி ஒன்றைப் புது ஹேட்ச்பேக் விலைக்குத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். மீட்டரில் 62,000 கி.மீ. காட்டுகிறது. நம்பி வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
(வாசகர், திருமங்கலம்)

விலை ஏன் குறைவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதன் பிறகு அங்கே விலைபோகாத டீசல் சொகுசு கார்கள் தெற்கே வரத் தொடங்கின. ஆகவே விலை குறைவு என்பதற்காகவே அந்த வண்டி மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஒன்று: குறைந்திருப்பது காரின் விலை மட்டும்தான். பாகங்களின் விலை, அந்தக் கார் புதிதில் என்ன விலைக்கு விற்றதோ அந்தத் தரத்திலேயே இருக்கிறது. காருக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைக்க முடியாதென்றால் வாங்காதீர்கள்.

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைக்கச் சொல்லி, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் பின்பக்கம், அதாவது டேஷ்போர்டை ஒட்டிய பக்கம், சங்கிலி உரசுவது போல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். 1,000-லிருந்து 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றியும் கேளுங்கள். 2015 வரை 320டி-யில் இருந்தது என்47 எஞ்சின். அதில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. 2011 வரை தயாரான என்47 எஞ்சின்களில் செயின் தேய்வது அதிகம் பேசப்பட்ட பழுது. பிறகு வந்தவற்றில் குறைந்தாலும், ஆயிலைத் தள்ளித் தள்ளி மாற்றிய வண்டியில் வரத்தான் செய்யும். செயினை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும். செயினின் விலையைவிடக் கூலி பெரிது. சத்தம் கேட்டால் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது 62,000 கி.மீ. மீட்டரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மீட்டரில் மட்டும்தான் மாற்றுவார்கள். கம்பெனி ஸ்கேனர் போட்டால் எஞ்சின், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்களில் பழைய பழுதுப் பதிவுகள் தென்படும், ஒவ்வொன்றிலும் எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்று இருக்கும். மீட்டரில் 62,000 இருக்க, ஒரு பதிவில் 1,10,000 என்று இருந்தால் விஷயம் விளங்கிவிடும். காரின் சாவியிலும் கி.மீ. பதிவாகும், டீலரிடம் சாவியைக் கொடுத்தாலே படித்துச் சொல்வார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள். அப்போதே இ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) பற்றியும் கேட்டுவிடுங்கள். அதில் கூலன்ட் கசிந்து கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால், 2018-ல் பி.எம்.டபிள்யூ. பல நாடுகளில் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்க மறக்க வேண்டாம். இந்தக் காரில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்து வாங்கினால், முதல் வாரமே எல்லாத் திரவங்களையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் 5.2 லிட்டர், டப்பாவில் 'பி.எம்.டபிள்யூ. லாங்லைஃப்-04' என்று இருக்க வேண்டும். '5டபிள்யூ-30' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. ஆயில், ஏர், டீசல், ஏ.சி. ஃபில்டர்கள் நான்கும், பிரேக் ஆயிலும் புதிது. அதன் பின் கார் கம்ப்யூட்டர் எத்தனை ஆயிரம் கி.மீ. பாக்கி என்று காட்டினாலும், நம் வெயிலுக்கும் புழுதிக்கும் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்றுங்கள்.

8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும் என்று காருடன் வந்த புத்தகம் சொல்லும். அந்தக் கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அதிகபட்சம் 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர் பேச்சைக் கேட்பதே சரி. இதில் ஃபில்டர் பிளாஸ்டிக் அடித்தட்டோடு சேர்ந்தே வருகிறது, தட்டையே மாற்ற வேண்டும். ஆயில் அளவு பார்க்க, கார் சமதளத்தில் நிற்க, எஞ்சின் ஓட, ஒவ்வொரு கியரையும் போட்டு எடுத்துவிட்டு, கியர்பாக்ஸ் ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பக்கத்து மூடியில் வழியும் வரை நிரப்ப வேண்டும். சித்திரை மாதத்து மதியத்தில் இந்த வெப்பநிலை சீக்கிரம் தாண்டிவிடும். சூடான ஆயில் விரிந்து நிற்பதால் நிரம்பியது போல் தெரியும், உண்மையில் குறைவாக இருக்கும். காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பதிவு விஷயம்: டெல்லி அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (படிவம் 28) கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35. இங்கே வந்ததும் பெயர் மாற்றத்துக்கு 29, 30. புது எண்ணுக்கு 27. வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. ஆயுள் வரி காரின் வயதைப் பொறுத்து மாறும். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுக்கொண்டு, அதையும் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: தினமும் காளவாசல், பெரியார் நிலையம், கோரிப்பாளையம் வழியாக வேலைக்குப் போகிறேன். பழைய போலோ ஆட்டோமேட்டிக் வாங்க ஆசை. 2016 ஜி.டி. டி.எஸ்.ஐ. நல்லதா, 2021 மாடலா?
(வாசகர், மதுரை எல்லீஸ் நகர்)

உங்கள் வழித்தடத்துக்கு 2021 மாடல்தான். இரண்டும் ஆட்டோமேட்டிக் என்றாலும் உள்ளே முற்றிலும் வேறு. 2016-ல் இருப்பது 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி., இரண்டு உலர் கிளட்ச் கொண்டது. 2020-ல் வந்த 1.0 டி.எஸ்.ஐ. போலோவில் 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர். உலர் கிளட்சை ஆயில் குளிர்விப்பதில்லை. அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் உரசி, சூடு ஏறிக்கொண்டே போகும். டார்க் கன்வெர்ட்டரில் அந்த நழுவலை ஆயிலே தாங்கிக்கொள்கிறது.

டி.எஸ்.ஜி. நெடுஞ்சாலையில் தரும் சுகம் தனி, அதை மறுக்கவில்லை. அதுதான் வேண்டும் என்றால் இப்படிச் சோதியுங்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, சமதளத்தில் பிரேக்கை விட்டு மெதுவாக நகர விடுங்கள். முதல் இரண்டு கியருக்குள் உதறல் வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸ் விழாமல், 2, 4, 6 கியர்களும் வராமல் போனால் பழுது ஒரே பக்கத்தில். ஏனென்றால் ஒரு கிளட்ச் 1, 3, 5, 7-ஐயும், மற்றது 2, 4, 6, ரிவர்ஸையும் பார்க்கிறது. மீட்டரில் கியர் எழுத்து மின்னினால் கியர்களையும் கிளட்சுகளையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டைச் சந்தேகியுங்கள். இந்தப் பழுதுகளில் பர்ஸைக் காலிசெய்வது அதுதான்.

ஓட்டும் முறையும் முக்கியம். முன்னால் இரண்டு கார் இடம் விட்டு, நகர்ந்தால் முழுதாக நகருங்கள், நின்றால் பிரேக்கை அழுத்தி முழுதாக நில்லுங்கள். பிரேக் அழுத்தியிருக்கும்போது கிளட்ச் விலகியிருக்கும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரை நிறுத்திவைப்பது கிளட்சை எரிக்கும் பழக்கம்.

போலோ 2022-ல் நின்றுவிட்டதே, பாகம் கிடைக்குமா என்று பலர் தயங்குகிறார்கள். வென்டோவும் ஸ்கோடா ரேபிடும் பெரும்பாலான பாகங்களில் போலோவின் உடன்பிறப்புகள். தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: ஊருக்குப் போகும் வழியில் கூலன்ட் குறைந்ததென்று ஒரு பட்டறையில் போர்த் தண்ணீர் ஊற்றினார்கள். கார் பத்து வயதான ஜெர்மன் பெட்ரோல் கார். பாதகம் உண்டா?
(வாசகர், சிவகங்கை)

உண்டு. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் அலுமினிய ஹெட்டிலும் படியும். கூலன்ட் நீர்த்துப்போவதால் அரிப்பைத் தடுக்கும் சக்தியும் குறையும், கொதிநிலையும் இறங்கும். அவசரத்துக்கு ஊற்றியதில் தப்பில்லை, அப்படியே விடுவதுதான் தப்பு. முழுதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் ஓரிரு முறை அலசி, உங்கள் கம்பெனி குறிப்பிடும் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். டப்பாவில் உள்ள தர எண்ணைப் பாருங்கள். வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகித் தேங்கும்.

ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். பத்து வயதில் பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஒட்டுப்பகுதி விரிசல் விடும், குழாய் முனைகள் மொறமொறவென்று உடையும். கசிவு இல்லை என்றால் சிஸ்டத்தை பிரஷர் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்களுடையது பி.எம்.டபிள்யூ. என்றால் அதன் பல பெட்ரோல் எஞ்சின்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, சத்தமில்லாமல் திடீரென்று நிற்கும். நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்றும் முறையும் வேறு: பேட்டரி சார்ஜரை இணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு எஞ்சினை ஓடவிடாமல், ஹீட்டரை முழு வெப்பத்திலும் காற்றைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி முழுதாக மிதித்தால் பம்ப் தானாகச் சுமார் 12 நிமிடம் ஓடிக் காற்றைத் தள்ளும். இதைச் செய்யாமல் அனுப்பிய வண்டிதான் மறுநாள் சூடாகி வழியில் நிற்கும்.

கேள்வி: நான் டாக்டர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி 4 கி.மீ. பி.எஸ்.6 டீசல் பென்ஸ் வாங்கலாமா?
(வாசகர், மதுரை அண்ணா நகர்)

அந்த 4 கி.மீ. மட்டும்தான் ஓட்டம் என்றால் பெட்ரோல் வாங்குங்கள். பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், டி.பி.எஃப்., இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய அது சுமார் 600 டிகிரி சூடாக வேண்டும். நாலு கி.மீ. பயணத்தில் எஞ்சினே முழுதாகச் சூடாகாது. எரிக்கும் வேலை பாதியில் நின்று நின்று, அதற்கெனத் தெளித்த டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். அதனால்தான் சில வண்டிகளில் ஆயில் அளவு தானாக ஏறுகிறது. ஏறுவது நல்ல அறிகுறி இல்லை, உடனே மாற்ற வேண்டும்.

டீசலே வேண்டும் என்றால், வாரம் ஒரு முறை நான்குவழிச் சாலையில் மேலூர் வரை போய்த் திரும்புங்கள், 2,000 ஆர்.பி.எம்.க்குக் குறையாமல். நிறுத்தும்போது ஃபேன் வேகமாக ஓடி, ஐடிலிங் சற்று உயர்ந்து, சூட்டு வாடை வந்தால் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆயில் பென்ஸின் 229.51 அல்லது 229.52 தரத்தில், காரின் கையேடு சொல்வதாக இருக்கட்டும். சாம்பல் அதிகமுள்ள ஆயில் ஃபில்டரை நிரந்தரமாக அடைக்கும், அந்தச் சாம்பலை எரிக்க முடியாது. புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்புளூ, 32.5 சதவீத யூரியாக் கரைசல். டின்னை வெயிலில் வைத்தால் கெடும், ஆகவே ஆண்டுக்கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம். தவறுதலாக டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல், இக்னிஷனைக்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பி.எம்.டபிள்யூ.வில் பேட்டரி மாற்றினால் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்கிறார்களே, காசு பிடுங்கும் வேலையா?
(வாசகர், விருதுநகர்)

இல்லை, அவசியம்தான். பேட்டரியின் வயதைக் கணக்கில் வைத்தே கார் சார்ஜ் செய்கிறது. பதியாவிட்டால் புதிய பேட்டரியையும் பழையது என்று நினைத்து அதற்கேற்ற சார்ஜைக் கொடுக்கும், ஆயுள் குறையும். ஸ்கேனர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பழையது ஏ.ஜி.எம். வகை என்றால் புதியதும் அதே வகையில், அதே ஆம்பியரில் இருக்கட்டும்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க்கைக் கடைந்தால் போதுமா?
(வாசகர், வத்தலக்குண்டு)

பெரும்பாலும் போதாது. ஜெர்மன் கார்களில் டிஸ்க்கும் பேடோடு சேர்ந்து தேயும் வகையில்தான் செய்திருக்கிறார்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, கடைந்த பிறகும் அதற்கு மேல் நிற்கும் என்றால் மட்டும் லேத்துக்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட். எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின்பக்கப் பேடை மாற்றும் முன் ஸ்கேனரில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். மெக்கானிக் பிஸ்டனை வலுவில் தள்ளினால் உள்ளிருக்கும் மோட்டார் பல் உடையும்.

இறங்கும்போது 'டி'யில் விட்டுப் பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல், மேனுவல் நிலையில் இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சினே பிடித்து இழுக்கட்டும். சூடான பிரேக்கோடு கீழே வந்து காட்ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினால், பார்க்கிங் பிரேக் போடாமல் 'பி'யில் விட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அணைகொடுங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்தால், பேடின் பொருள் அங்கே படிந்து அடுத்த முறையும் உதறும்.