வாசகர் கேள்வி: பூசணிப்பூவும் சாய்ந்த தேவாலயமும்

போன இதழில் போகிற போக்கில், ‘மெக்ஸிகோ சிட்டியில் மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்’ என்று எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே பிழைக்க முடியுமா? – வாசகி, கும்பகோணம்

பிழைக்கலாம். ஆனால் வாய் வேண்டும். போன புதிதில் ஒரு கடையில் ‘கார்னே வேண்டாம்’ என்றேன். கார்னே என்றால் இறைச்சி என்று அகராதி சொல்லியிருந்தது. கடைக்காரர் தலையாட்டிவிட்டுக் கோழித் துண்டுகளோடு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் கணக்கில் கார்னே என்றால் மாடு. கோழி வேறு ஜாதி! அன்றிலிருந்து கோழி, பன்றி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி மறுக்கப் பழகினேன். மசித்து வதக்கிய பீன்ஸிலும், தமாலே என்கிற மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டையிலும் ‘மந்தேக்கா’, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ப்பது வழக்கம். சிவப்புச் சாதம் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்திருக்கும். கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

என் வயிற்றைக் காப்பாற்றியவர் நார்வார்த்தே பகுதியில் எங்கள் தெருமுனையில் அடுப்பு வைத்திருந்த ஓர் அம்மாள். தோசைக்கல்லைவிட அகலமான ‘கொமால்’. நீல மக்காச்சோள மாவைத் தட்டிக் கல்லில் போட்டு, நடுவில் ஒரு பிடி பூசணிப்பூ வைத்து மடிப்பார். மார்கழிக் கோலத்தில் சாணியில் செருகி வைக்கிறோமே, அதே பூ. சூட்டில் வதங்கி லேசாகத் தித்திக்கும். ‘சீஸ் போட்டா, போடாமலா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்தப் பண்டத்துக்குப் பேர் கேசடியா. ‘கேசோ’ என்றால் சீஸ், ஆக பேரிலேயே சீஸ் இருக்கிறது. அதைப் போடாமலும் விற்கிறார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் தலைநகரத்தாரைக் கிண்டல் செய்து மாளாது.

அவர் என்னைக் கூப்பிடுவது ‘குவெரீத்தா’ என்று. செக்கச்செவேல் பெண்ணே என்று அர்த்தம். அந்த ஊர்ச் சந்தையில் காசு கொடுக்கிற எல்லோருமே சிவப்புதான். என் அம்மாகூட என்னை அப்படிச் சொன்னதில்லை.

இன்னொன்று. கரிப்பூட்டை நோய் வந்த மக்காச்சோளக் கதிரை நம் ஊரில் பிடுங்கி எரிப்பார்கள். அங்கே அந்தக் கறுப்புப் பூஞ்சைக்கு ‘விட்லகோச்சே’ என்று பேர். நல்ல கதிரைவிட விலை அதிகம். பார்க்கத்தான் பயங்கரம். காளான் பிடிக்குமென்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள்.

மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டினால் விண்டு விண்டு போகிறது. அவர்களுக்கு மட்டும் எப்படி மடிக்க வருகிறது? – வாசகி, பெரம்பலூர்

சுண்ணாம்பு! வெற்றிலைக்குத் தடவுகிற அதே சமாசாரம். முழு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் தோல் கழன்று வரக் கழுவி அரைப்பார்கள். இதற்கு ‘நிஸ்தமால்’ என்று பேர். மாவுக்குப் பிசுக்கு வருவது இதனால்தான். அந்த நாட்டைப் பிடித்த ஸ்பெயின்காரர்கள் சோளத்தை மட்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். இந்தப் பக்குவம் செய்தால்தான் சோளத்திலுள்ள நியாசின் என்கிற வைட்டமின் உடம்பில் சேரும். அது தெரியாமல் சோளத்தையே நம்பியிருந்த ஐரோப்பிய ஏழைகளைப் பெலக்ரா நோய் பிடித்தது.

அந்த நகரம் மண்ணுக்குள் இறங்குகிறதாமே, உண்மையா? – வாசகர், திருநெல்வேலி

உண்மை. ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட ஆஸ்டெக்குகள் டெஸ்கோகோ ஏரியின் நடுத்தீவில் கட்டிய ஊர் அது. ஸ்பெயின்காரர்கள் ஏரியை வற்றடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். அடியிலுள்ள களிமண் சுருங்கிக்கொண்டே போகிறது. 1910-இல் எழுப்பிய சுதந்திர தேவதைத் தூணைப் போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள தெரு இறங்க இறங்க, ஏறிப்போக 14 படிகள் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பெரிய தேவாலயத்துக்குள் கூரையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது, நம் கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அந்த மாதிரி. கட்டடம் எவ்வளவு சாய்ந்தது என்பதைத் தரையில் அது காட்டிக் கொடுக்கும். அங்கே நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. பிரமையோ, 2,240 மீட்டர் உயரமோ! அந்த உயரத்தில் பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் ஆகாது.

தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே 1978-இல் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான நிலவுத் தெய்வத்தின் வட்டக்கல் அகப்பட்டது. அதைத் தொடர்ந்து தோண்டியதில் ஆஸ்டெக்குகளின் பெரிய கோயில் வெளியே வந்தது.

அந்த ஊரை நினைத்தால் முதலில் எது ஞாபகம் வரும்? – வாசகர், சேலம்

ஒரு குரல். பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டி தெருத்தெருவாக வரும். ‘மெத்தை, ஃப்ரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின்...’ என்று ஒரு சிறுமி இழுத்து இழுத்துச் சொல்வாள். ஒரு வியாபாரி தன் மகளை விட்டுப் பதிவு செய்த ஒலிநாடா அது. நகரம் முழுக்க எந்த வண்டியிலும் அதே குரல்தான். போனில் பேசிக்கொண்டிருந்த அம்மா பதறிப்போய்க் கேட்டாள்: “யார் வீட்டுக் குழந்தைடி இப்படி அழுதுட்டே போகுது? எட்டிப் பாரேன்.”