இலங்கையின் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் இருநூறு வருஷம் உழைத்தும் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள்?

கேள்வியோடு ஒரு துணைக் கேள்வியும் இருக்கிறது: "குடி, தீபாவளிச் செலவு, சேமிக்கத் தெரியாதது, இதெல்லாம்தானே காரணம்?" ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். குடி இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. பணக்காரர்கள் இருக்கும் கொழும்பு 7இலும்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்து யாரும் லயத்துக்குக் குடி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளியே ஒரு ஊரில் சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வீட்டுக்காரர் வேறொருவர், ரோடு போடுவது பிரதேச சபை, கடிதம் கொண்டுவருவது தபால்காரர். தோட்டத்தில் இத்தனையும் ஒரே கைக்குள் இருந்தது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வருகிறதோ அப்போதுதான். தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிப்பதை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடுத்து வைத்திருந்தது. அதைத் திருத்தியது 2018இல். மாக்ஸ் வெபர் வர்க்கம், அந்தஸ்து, அரசியல் பலம் என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பிரித்தால் நல்ல வசதி, ஒன்றில் கீழே இருப்பவர் இன்னொன்றைப் பிடித்து ஏறலாம். துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம், மூன்றும் சேர்ந்தே இருந்தால் எதைப் பிடிப்பது?

இது தானாக வந்த நிலைமை இல்லை. 1820களில் கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரத் தொடங்கியபோதே வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் கடன் கணக்கில் ஏறியது. ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணிக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் கூடவே வரும். அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். 1947 தேர்தலில் மலையக மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது, 1949இல் வாக்கும் போயிற்று. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. நாடற்றவர் பிரச்சினைக்கு முழுமையான சட்டத் தீர்வு 2003இல்தான் வந்தது.

வாக்கு இல்லாத அந்தக் காலம் எது என்று கவனியுங்கள். 1945இல் இலவசக் கல்வி வந்து, கிராமத்துப் பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்குப் போன காலம் அது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கவே எழுபதுகள் ஆயிற்று. மற்றவர்களுக்கு ஏணி கிடைத்த அந்த முப்பது வருஷமும் எங்கள் ஆட்கள் வெளியே நின்றார்கள். வாக்கே இல்லாதவர்களுக்காக எந்த எம்பி பள்ளிக்கூடம் கேட்டு எழுந்து நிற்பார்?

சரி, இப்போது வாக்கு இருக்கிறதே, ஏன் இன்னும் ஏறவில்லை என்பீர்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஒரு சாயந்திரம் வந்து பார்க்க வேண்டும். ஒரு பெண் 20 கிலோ கொண்டுவருகிறாள் என்று வையுங்கள். சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுக் கணக்கப்பிள்ளை 17 என்று எழுதுகிறார். தோட்டம் கேட்பது 18 என்றால் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், இல்லை, அரைப் பேர். அல்லது கிலோ கணக்கில் ஏதோ ஒன்று. நாளுக்கு 1000 ரூபாய் சம்பளத்துக்காகப் பல வருஷம் போராடி 2021 மார்ச்சில் வாங்கினோம். உடனே பல இடங்களில் கேட்கிற கிலோவைக் கூட்டினார்கள். அடுத்த வருஷம் ரூபாயே விழுந்து அரிசி விலை எங்கேயோ போய்விட்டது. 2024இல் நாட்சம்பளம் 1350 ஆனது. ஆனால் அது முழுப் பேர் விழுந்தால் கிடைத்த காசு. மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையைப் பார்த்தால் தீபாவளி முற்பணம், கோயில், சங்கச் சந்தா, தேயிலைத்தூள் எல்லாம் கழிந்திருக்கும். நீங்கள் சொன்ன 'தீபாவளிச் செலவு' அந்த முற்பணம்தான். அது தீர்வதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

வேலையை விட்டுப் போக வேண்டியதுதானே என்றும் கேட்பார்கள். போனார்கள். எங்கள் லயத்தில் என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள், பெண்கள் கார்மென்ட்சிலும் வீட்டு வேலையிலும். ஆனால் குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்றோலில் பேர் இருந்தால்தான் காம்பரா, அதாவது லயத்து அறை, கையில் இருக்கும். அதனால் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். மகன் அனுப்புகிற காசு அவள் சம்பளத்தை விட அதிகமாகவே இருக்கலாம். இருந்தாலும் அவள் வேலையை விட்டு நிற்க முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அவள் கொடுக்கிற வாடகை அந்த வேலை. முதுகு வலிக்கிறது என்று அவள் நின்றால் கொழும்பிலிருக்கும் மகனுக்கும் பொங்கலுக்கு வர வீடு இல்லை.

எங்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பெரிய கங்காணி குடும்பங்களில் பலர் எப்போதோ டவுனில் கடை போட்டுவிட்டார்கள். கொழுந்து பறிப்பது பெண்கள், பின்னால் நின்று விரட்டுவது பெரும்பாலும் ஆண்கள். ஒரு காலத்தில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கினான்.

ஒரே ஒரு ஒப்பீடு போதும் என்று நினைக்கிறேன். இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்று சிற்றுடைமையாளர்களிடமிருந்து வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள், இதே இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான், இதே மழைதான், இதே அட்டைக்கடிதான். அவர்களும் பணக்காரர்கள் இல்லை. ஆனால் செடி அவர்களுடையது, நிலம் அவர்களுடையது. இந்த ஃபாக்டரி விலை சரியில்லை என்றால் அடுத்த ஃபாக்டரிக்குக் கொழுந்தைக் கொடுப்பார்கள். மகளைப் படிக்க வைக்கக் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, வைத்து பேங்கில் கடன் கேட்பார்கள். லயத்துக்காரர் பேங்கில் எதை வைப்பார்? சமீப வருஷங்களில் 7 பேர்ச் காணியும் தனி வீடும் கொஞ்சப் பேருக்குக் கிடைத்திருக்கிறது. அதிலும் உறுதி கைக்கு வராதவர்கள் நிறைய.